பாதி வெளிச்சத்தில் ஒரு வகுப்பு

எங்கட வகுப்பு விளக்கு ஒரு பால்மா டின்னுக்குள் இருக்கிறது. டின்னின் வாயில் ஒரு அலுமினியத் தகடு. தகட்டில் மூன்று எல்.ஈ.டி. டின்னுக்குள்ளே தபால் முத்திரை அளவில் ஒரு பச்சைப் பலகை. மேலே தொங்கவிட ஒரு கொக்கி, கீழே தரையில் 12 வோல்ட் பற்றரி. மாளிகாவத்தைத் தொடர்மாடியொன்றின் கீழ்த்தளத்தில், பொது அறையில், மஃரிபுக்குப் பிறகு எட்டரை மணி வரைக்கும் பதினாலு பிள்ளைகள் இந்த டின்னுக்குக் கீழேதான் படிக்கிறார்கள். எல்லாரும் சாதாரண தரம் எழுதப் போகிறவர்கள்.

படிப்பிக்கிற நாங்கள் மூன்று பேரும் கலைப்பீடம். ஒருவருக்குத் தமிழ், ஒருவருக்கு வரலாறு, ஒருவருக்குப் புவியியல். ஓமின் விதி எங்களுக்குக் கடைசியாகத் தேவைப்பட்டது எங்கட ஓ.எல். பரீட்சையில். டிரைவர் என்றால் த்ரீவீல் ஓட்டுகிறவர் என்றுதான் அண்மைக்காலம் வரை நினைத்திருந்தோம். அந்தப் பச்சைப் பலகைக்கும் டிரைவர் என்றுதான் பெயர் என்பதை, அது எங்களை ஒரு மாதம் அலைய வைத்தபோதுதான் தெரிந்துகொண்டோம்.

விளக்கு பிறந்தது 2022-ல். எங்களில் ஒருத்தி இந்தத் தொடர்மாடியில் வளர்ந்தவள். அந்த வருடம் பெப்ரவரியிலும் மார்ச்சிலும் உயர்தரப் பரீட்சையை மின்வெட்டுக்கு நடுவில் எழுதி முடித்தாள். மார்ச் 31 அன்று நாட்டில் 13 மணி நேர மின்வெட்டு. பரீட்சை முடிந்து சும்மா இருந்தவளிடம் அயல்வீட்டுப் பிள்ளைகள் படிக்க வந்தார்கள். மெழுகுதிரியும் விலை, போன் டோர்ச்சும் கொஞ்ச நேரத்தில் செத்துவிடும். மேல் மாடியில் றேடியோ, டீ.வி. திருத்துகிற நானா ஒருவர் இருந்தார். பால்மாவுக்கு ஆட்கள் வரிசையில் நின்ற காலத்தில் அவர் வீட்டில் ஒரு வெற்று டின் கிடந்தது. முதலாம் குறுக்குத் தெருவில் டிரைவர் பலகையும் எல்.ஈ.டி.யும் வாங்கி, ஒரே இரவில் விளக்கைச் செய்து தந்துவிட்டார்.

மின்வெட்டு நின்றது. விளக்கு நிற்கவில்லை. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் 75 சதவீதமளவில் ஏறியது, 2023 பெப்ரவரியில் மறுபடி 66 சதவீதம். பொது அறைக்கும் படிக்கட்டுக்கும் உரிய பில்லை யார் கட்டுவது என்ற சண்டையில் அந்த லைன் வெட்டுப்பட்டது, இன்றைக்கும் வரவில்லை. அதனால் எங்கட வகுப்பு பால்மா டின்னோடு தொடர்ந்தது. 2022-ல் மட்டும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வேலைக்காக வெளிநாடு போனார்கள். அந்த நானாவும் அவர்களில் ஒருவர். இப்போது கட்டாரில் ஏ.சி. திருத்துகிறார். போகும்போது தன்னுடைய மஞ்சள் மீற்றரை எங்களிடம் தந்து, "இத வெச்சிக்கோங்க, ஒரு நாளைக்கித் தேவைப்படும்" என்றார். நாங்கள் அதை அலுமாரியில் வைத்துப் பூட்டினோம்.

*

2024 ஒக்டோபர் கடைசியில் எங்களுக்கு ஒரு நல்ல செய்தி கிடைத்தது. பற்றரியைச் சார்ஜ் பண்ணித் தருகிற இரண்டாம் மாடி உம்மா சொன்னார்: "இப்ப பற்றரி நல்லா நிக்கிது புள்ள. முந்தி ரெண்டு நாளைக்கி ஒருக்கா ஏத்தின. இப்ப மூணு நாளாகியும் சாகல்ல." நாங்கள் சந்தோசப்பட்டோம். அவர் வீட்டுக் கரண்ட் பில்லுக்கு நாங்கள் கொடுக்கிற காசும் மிச்சம்.

நவம்பர் மழையோடு வகுப்பில் வேறு சின்னச் சின்ன விசயங்கள் நடந்தன. பிள்ளைகள் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டே வந்தார்கள். மழைக் குளிருக்கு ஒன்றாக ஒட்டிக்கொள்கிறார்கள் என்று நினைத்தோம். எட்டு மணிக்கே கொட்டாவி விட்டார்கள். பாடசாலைக் களைப்பு என்றோம்.

கடைசி வரிசையில் இருக்கிற உயரமான பொடியன் ஒருவன் கொப்பியில் பிழை பிழையாக எழுதினான். 1833 அவன் கொப்பியில் 1888 ஆனது. 1931 அவனுக்கு 1937. வரலாறு படிப்பிக்கிற எங்கள் ஆள் சிவப்புப் பேனையால் 'கவனம் போதாது' என்று எழுதினான். அடுத்த கிழமையும் அதே பிழைகள். இந்த முறை 'கவனயீனம்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்தான். பொடியன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் எப்போதுமே கேள்வி கேட்காத, தொல்லை தராத பிள்ளை. டிசம்பர் முதல் கிழமையோடு வகுப்புக்கு வராமல் விட்டான்.

விளக்கு மங்கல் என்று முதலில் சொன்னது முன்வரிசைப் பிள்ளை ஒன்று. "டீச்சர், தொடங்கக்கொள்ள நல்லாத்தான் ஈக்குது. பொறகு மங்குது." எப்போதிருந்து என்று கேட்டோம். "மழைக்கி முந்தியே." அப்படியென்றால் ஒரு மாதத்துக்கு மேல். பதினாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எங்கள் மூன்று பேருக்கும் அது படவே இல்லை. நாங்கள் போர்ட்டுக்குப் பக்கத்தில், விளக்குக்கு நேர் கீழே நின்றோம். போதாததற்கு, வெளிச்சம் பாதியாகக் குறைந்தாலும் கண்ணுக்கு அது பாதியாகத் தெரிவதில்லை. கண்மணி விரிந்து சமாளித்துவிடும். ஒரு விளக்கு செத்தால் எல்லாருக்கும் தெரியும். பாதியாக எரிந்தால் எல்லாரும் பழகிவிடுவார்கள்.

*

பற்றரி கிழடாகிவிட்டது என்று முடிவெடுத்தோம். எப்படி முடிவெடுத்தோம் என்று கேட்டால் பதில் இல்லை. இரண்டரை வருடப் பற்றரி, அவ்வளவுதான். வகுப்புப் பணத்தில் 6,500 ரூபாய் கொடுத்துப் புதுப் பற்றரி வாங்கினோம். மொடல் பேப்பர் போட்டோகொப்பி எடுக்கச் சேர்த்த காசு அது. அன்றைக்குப் பின்னேரம் விளக்கைப் போட்டோம், பளிச்சென்று எரிந்தது. அரை மணி நேரத்தில் மறுபடி மங்கியது.

அப்போதுதான் கட்டாருக்கு வொட்ஸ்அப்பில் குரல் அனுப்பினோம். நானா இரவு வேலை முடிந்து பதில் அனுப்பினார். முதல் பதிலிலேயே எங்களுக்கு முகம் சுருங்கியது.

"பற்றரி மாத்த முந்தி எனக்கு ஒரு சொல்லு செல்லியிருக்கலாமே. பற்றரி கிழடாப் போனா கெதியா முடியும். உங்கட பற்றரி முந்தியவிடக் கூட நேரம் நிக்கிதெண்டு நீங்கதானே செல்றீங்க. அப்ப என்ன அர்த்தம்? பற்றரியில இருந்து போறது கொறஞ்சி போச்சி. போறது கொறஞ்சா வெளிச்சமும் கொறயும். அந்த உம்மா ஒக்டோபர்லயே பழுத செல்லிட்டா. நீங்க சந்தோசப்பட்டிருக்கீங்க."

சான்றுகளை எப்படி வாசிப்பது என்று பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்கிறவர்கள் நாங்கள். ஒரு ஆவணத்தை எழுதியவர் யார், ஏன் எழுதினார், எதைச் சொல்லாமல் விட்டார் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். கையில் கிடைத்த ஒரே சான்றை எங்களுக்குப் பிடித்த மாதிரி வாசித்துவிட்டு 6,500 ரூபாயைச் செலவழித்திருந்தோம்.

பிறகு நானா அந்தப் பலகை என்ன செய்கிறது என்று விளங்கப்படுத்தினார். எல்.ஈ.டி.க்கு வோல்ட்டை நேரடியாகக் கொடுக்க ஏலாது. அதற்குக் கொடுக்கிற வோல்ட் கொஞ்சம் கூடினாலே அதற்குள் ஓடுகிற மின்னோட்டம் பல மடங்காகிவிடும். ஓட்டம் கூடினால் சூடு. சூடானால் அதே வோல்ட்டுக்கு இன்னும் அதிக ஓட்டம், இன்னும் சூடு, கடைசியில் கருகிவிடும். அதனால் டிரைவர் பலகை வோல்ட்டைப் பார்ப்பதில்லை, மின்னோட்டத்தைப் பார்க்கிறது. பற்றரி 12-ல் நின்றாலும் 13-ல் நின்றாலும் எல்.ஈ.டி.க்கு ஒரே அளவுதான் போகவேண்டும் என்று காவல் நிற்கிறது. எங்கட விளக்குக்கு அந்த அளவு 0.66 அம்பியர்.

மின்னோட்டத்தைப் பலகை எப்படிப் பார்க்கும்? எல்.ஈ.டி.க்குப் போகிற வழியில் மிகச் சின்ன ஒரு தடை போட்டிருக்கும். ஓட்டம் அதைக் கடக்கும்போது அதன் இரண்டு பக்கத்துக்கும் இடையில் ஒரு சிறு வோல்ட் விழும். எங்கட பலகையில் இருக்கிற சிப்பின் பெயர் பி.டி. 4115. அந்த வோல்ட் சராசரியாக 0.1 ஆக இருக்கும்படி அது பார்த்துக்கொள்ளும். குறைந்தால் கூட்டும், கூடினால் குறைக்கும். உலகத்தைப் பற்றி அந்தச் சிப்புக்குத் தெரிந்தது அந்த 0.1 வோல்ட் மட்டும்தான்.

*

அலுமாரியைத் திறந்து மஞ்சள் மீற்றரை எடுத்தோம். நானா ஒவ்வொரு படியாகச் சொல்ல, ஒருத்தி அளக்க, ஒருவன் டோர்ச் பிடிக்க, ஒருவன் எழுதினான்.

"மொதல்ல பலகைக்கி வார வோல்ட். பற்றரித் தலையில அளக்காதீங்க, பலகையில அளங்க. வயர்லயும் கொஞ்சம் தின்னும். விளக்கு எரியக்கொள்ள அளக்கோணும்." 12.3 வோல்ட். போதும். மூன்று எல்.ஈ.டி.யும் வரிசையாக இருப்பதால் அவற்றுக்கு மொத்தம் ஒன்பதரை வோல்ட் அளவில் வேண்டும். பலகைக்கு அதைவிட ஓரிரண்டு வோல்ட் கூட வந்தால்தான் அது தன் வேலையைச் செய்யும். பற்றரி 10 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தால் மின்னோட்டம் குறைவது நியாயம். எங்களுக்கு அது இல்லை.

"இப்ப எல்.ஈ.டி. மூணுக்கும் சேத்து." 9.6. ஒரு எல்.ஈ.டி. உள்ளுக்குள் ஷோர்ட்டாகியிருந்தால் ஆறரை அளவில் காட்டியிருக்கும். மூன்றும் உயிரோடு இருக்கின்றன.

"இப்ப மின்னோட்டம். விளக்க ஓஃப் பண்ணுங்க. மீற்றரின்ட சிவப்பு வயர 10 அம்பியர் துளைக்கி மாத்துங்க. மத்தத் துளையில போட்டா பியூஸ் போகும். எல்.ஈ.டி. வயர் ஒண்டக் கழட்டி, நடுவால மீற்றரப் போட்டுட்டு, பொறகு ஓன் பண்ணுங்க." 0.65 அம்பியர். எல்லாம் சரி. பழுதே இல்லை!

எங்களுக்குக் குழப்பம். நானாவுக்கு இல்லை. "எத்தன மணிக்கி அளந்தீங்க?" விளக்கைப் போட்டவுடனே. "பழுது வார நேரத்தில அளக்காம பழுதத் தேடினா எப்பிடி? வகுப்பு மாதிரியே அர மணித்தியாலம் எரிய விடுங்க."

எரிய விட்டோம். பிளேன்டீ குடித்தோம். இருபது நிமிசத்தில் கண்ணுக்குத் தெரிந்தே வெளிச்சம் ஒரு முறை துடித்து இறங்கியது. மீற்றரில் 0.33.

அந்த இலக்கத்தைக் கேட்டதும் நானாவின் குரல் மாறியது. "சரி பாதி. சரி பாதி எண்டா தற்செயல் இல்ல மவன். சும்மா கெட்டுப் போற சாமான் கணக்காப் பாதியாகாது. ஏதோ ரெண்டா இருந்தது ஒண்டாப் போயிருக்கு." பிறகு அந்தச் சின்னத் தடையில் வோல்ட் அளக்கச் சொன்னார். மீற்றரை மில்லிவோல்ட்டுக்கு மாற்றி அளந்தோம். 100. அதாவது 0.1 வோல்ட். பலகையின் கணக்குப்படி எல்லாம் சரியோ சரி.

இது எங்களுக்கு விளங்கவே இல்லை. பாதிதான் போகிறது, ஆனால் பலகை முழுசும் போகிறது என்கிறது. நானா சுண்டுக் கணக்குச் சொன்னார். "கடையில அரிசி அளக்கிற சுண்டு தெரியும்தானே. கடைக்காரன் நேர்மையான ஆள். ரெண்டு சுண்டு கேட்டா ரெண்டு சுண்டு போடுவான். ஆனா சுண்டின்ட அடி உசந்து போச்சி, அவனுக்குத் தெரியாது. அவன் கணக்கில ரெண்டு, உங்கட பையில ஒண்டு. பலகையில பிழ இல்ல. அளக்கிற சுண்டப் பாருங்க."

டோர்ச்சைக் கிட்டப் பிடித்துப் பார்த்தோம். பக்கத்துப் பக்கத்தில் ஒட்டின மாதிரி எறும்பளவில் இரண்டு கறுப்புத் தடைகள், இரண்டிலும் ஆர் 300 என்று எழுத்து. ஒவ்வொன்றும் 0.3 ஓம். இரண்டும் சமாந்தரமாக இருக்கும்போது 0.15 ஓம். 0.1 வோல்ட்டை 0.15-ஆல் வகுத்தால் 0.66 அம்பியர். ஒன்று கழன்றுவிட்டால் மிஞ்சுவது 0.3 ஓம். 0.1-ஐ 0.3-ஆல் வகுத்தால் 0.33. ஓ.எல். கணக்குத்தான். கொப்பியில் எழுதிப் பார்த்தபோது எங்கள் மூன்று பேருக்கும் மயிர்க்கூச்செறிந்தது.

"ஈர்க்குக் குச்சியால அமத்திப் பாருங்க. இரும்பு வாணாம்." விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை முறித்து முதல் தடையை அமத்தினோம். ஒன்றுமில்லை. இரண்டாவதை அமத்தினோம். அறை முழுக்க வெளிச்சம் குதித்தது. கையை எடுத்தோம், மங்கியது. அமத்தினோம், குதித்தது. கீழ்ப் படிக்கட்டில் விளையாடிக்கொண்டிருந்த சின்னதுகள் ஓடி வந்து பார்த்தன.

இரண்டரை வருடமாக ஒவ்வொரு இரவும் சூடாகி, ஒவ்வொரு இரவும் ஆறி, அந்தத் தடையின் ஒரு காலில் ஈயம் மயிரளவு வெடித்திருக்கிறது. குளிரில் தொட்டுக்கொண்டிருக்கும், சூடானால் விலகும். போன் திருத்துகிற கடைத் தம்பி பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு, பழைய ஈயத்தை உருக்கிப் புதிதாகக் கொஞ்சம் வைத்தார். இரண்டு நிமிசம். காசு வாங்கவில்லை.

(வாசிக்கிற யாராவது வீட்டுச் சுவரில் எரிகிற எல்.ஈ.டி. பல்பைக் கழட்டி இதைச் செய்து பார்க்க நினைத்தால், வேண்டாம். எங்களுடையது 12 வோல்ட் பற்றரி. வீட்டு 230 வோல்ட்டில் ஓடுகிற பல்புகளுக்குள் பல பலகைகள் மெயின் கரண்டோடு நேரடியாகத் தொடுப்பில் இருப்பவை, கை வைத்தால் அடிக்கும்.)

*

விளக்கு சரியான அன்றிரவு நாங்கள் பெரிதாகச் சந்தோசப்படவில்லை. வெளிச்சம் முழுசாக விழுந்த அறையில் கடைசி வரிசைக் கதிரை ஒன்று வெறுமையாக இருந்தது.

அடுத்த நாள் பின்னேரம் மூன்று பேரும் அந்தப் பொடியனின் வீட்டுக்குப் போனோம். அவன் வீட்டில் இல்லை, பஞ்சிகாவத்தையில் மாமாவின் பழைய வாகனச் சாமான் கடையில் நிற்கிறான் என்றார் உம்மா. "கொப்பியில செவப்பால எழுதினதாமே. போக வெக்கமா ஈக்குதாம்." கடைக்குப் போனோம். கையெல்லாம் எண்ணெயோடு வந்தான். வரலாறு படிப்பிக்கிறவன் முதலில் மன்னிப்புக் கேட்டான். பொடியன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னது இவ்வளவுதான்: "பின்னால இருந்து பாத்தா போர்ட் தெரியல்ல சேர். செல்லியிருந்தா முன்னுக்கு வரச் சொல்லுவீங்க. எனக்குப் பின்னால இருக்கிற சின்னாக்களுக்கு மறைக்கும்."

வராதவன் ஒருவன், கேள்வி கேட்காதவன் ஒருவன், தொல்லை தராதவன் ஒருவன். மூன்றும் அவன்தான். எங்கட இடாப்பில் ஒக்டோபர் முழுக்க அவனுக்கு 'வந்தார்' என்றுதான் இருக்கிறது. அதைப் பார்த்து வகுப்பு நன்றாகப் போகிறது என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். பற்றரி நன்றாக நிற்கிறது என்று சந்தோசப்பட்ட அதே மாதம்.

விளக்கு மட்டும்தான் காரணம் என்று சொல்லிக் கதையை முடித்துவிட எங்களுக்கும் ஆசைதான். ஆனால் அவன் திரும்பி வந்த முதல் நாள், நல்ல வெளிச்சத்திலும், கடைசி வரிசையிலிருந்து 3-ஐ 8 என்றுதான் வாசித்தான். நானாவிடம் படித்த பாடத்தால் இந்த முறை அளந்தோம்: எந்தத் தூரத்தில் பிழை வருகிறது என்று ஒவ்வொரு வரிசையாக இருத்திப் பார்த்தோம். மூன்றாவது வரிசைக்கு அப்பால் அவனுக்கு இலக்கங்கள் கரைந்தன. கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். இப்போது கண்ணாடி போடுகிறான். மங்கல் விளக்கு இல்லாத குறையை உண்டாக்கவில்லை, இருந்த குறையைக் கூட்டியிருக்கிறது. ஒரு பழுதைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் தேடுவதை நிறுத்தியிருந்தால் இரண்டாவது பழுது அப்படியே கிடந்திருக்கும்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடே இருண்டது. அடுத்த நாட்களில் மறுபடி மின்வெட்டு. ஓ.எல். பரீட்சைக்கு ஐந்து கிழமைதான் இருந்தது. எங்கட அறைக்கு வகுப்புப் பிள்ளைகளோடு மற்றப் பிள்ளைகளும் கொப்பியோடு வந்து தரையில் இருந்தார்கள். பால்மா டின் 0.65-ல் எரிந்தது. எப்படித் தெரியும் என்றால், இப்போது நாங்கள் அளக்கிறோம்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, விளக்குப் போட்டு அரை மணி நேரம் கழித்து. இடாப்பின் கடைசிப் பக்கத்தில் திகதியும் அம்பியரும் எழுதுகிறோம். அதற்குப் பக்கத்தில் இன்னொரு நிரல் கீறியிருக்கிறோம். அந்த மாதம் ஒரு கேள்வியும் கேட்காத பிள்ளைகளின் பெயர்களை அதில் எழுதுகிறோம். சில மாதம் இரண்டு பெயர், சில மாதம் ஐந்து. அடுத்த கிழமை வகுப்பு முடிந்ததும் அவர்களோடு ஒவ்வொருவராகப் படிக்கட்டில் இருந்து பிளேன்டீ குடிப்போம்.